தலை ஆடியது, மனம் ஆடவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். அந்த ஒற்றைக் கோட்டின் நீளம் இந்த மூன்றில் எதற்கு இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட ஆய்வு இது. தனியாகப் பதில் சொன்னவர்கள் கிட்டத்தட்ட தவறே செய்யவில்லை. ஆனால், முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள் வரிசையாக ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, நான்கு பேரில் மூன்று பேர் ஒரு தடவையாவது அதே தப்பைச் சொன்னார்கள். வெறும் கோட்டுக்கே இந்தப் பாடு! நம்பிக்கை, காதல், மனசாட்சி என்று வரும்போது கேட்கவா வேண்டும்?

அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். ஒதுக்கப்படுவது நிஜமாகவே வலிக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவதாக ஒரு விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவருக்குப் பந்து வரவே இல்லை. அப்போது இவருடைய மூளையில், உடம்பு வலிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று விழித்துக்கொண்டது. அதனால்தான், "யார் என்ன நினைத்தால் உனக்கென்ன?" என்று லேசாகச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வருடக்கணக்கில் தலையாட்டியவன் நான். நெருங்கிய நண்பர் ஒருவர் எதைச் சொன்னாலும் "நீ சொன்னா சரிதான்" என்பேன். ஒருநாள் அவர் வேறொருவரைப் பற்றிச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இல்லப்பா, அது அப்படி இல்ல" என்றேன். நான்கே சொற்கள். எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உண்மை பேசினால் போனவர் வந்துவிடுவார் என்று உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

ஆனால் அன்று இரவு ஒன்று உறைத்தது. அத்தனை வருடமும் அவர் கைபோட்டது, தலையாட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவன் தோளில். என்னை அவர் பார்த்ததே இல்லை. நான் காட்டவே இல்லையே! அவர் அன்பு காட்டிக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் அது வந்து சேரவில்லை.

எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கொட்டச் சொல்லவில்லை. சொன்னால் சோறும் கூரையும் போய்விடும் என்ற நிலையில் காத்திருப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். வாய் மூடியிருப்பது வேறு, இல்லாததை ஆமாம் என்பது வேறு.

ஆஷ் தன் சோதனையை இன்னொரு விதமாகவும் செய்து பார்த்தார். அந்த வரிசையில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்லவைத்தார். கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொல்வது அப்போது வெகுவாகக் குறைந்துபோனது. அந்த ஒருவர் யாரையும் திருத்தப் போகவில்லை, யாரோடும் வாதாடவில்லை. தன் முறை வந்ததும் எந்தக் கோடு என்று சொன்னார். பிறகு, வரிசையின் கடைசியில் தயங்கி உட்கார்ந்திருந்தவரும் தன் கண் கண்டதைச் சொன்னார்.