குமாஸ்தாக்கள் வளர்த்த எழுத்து

வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், சரி, சொல்லிப் பார்க்கிறேன்.

அழகான கையெழுத்துப் பிரதி என்றதும் மடாலயத்தில் உட்கார்ந்து பொறுமையாக எழுதும் துறவிதான் நினைவுக்கு வருவார். உக்ரைனின் ஸ்கோரோபிஸ், அதாவது வேகமாக எழுதும் கையெழுத்து முறை, அப்படி வளர்ந்ததல்ல. நீதிமன்றம், நகராட்சி, கோசாக் என்ற போர்வீரர் சமூகத்தின் தலைவரான ஹெட்மனின் அலுவலகம் என்று நாள் முழுக்க எழுதித் தள்ளிய குமாஸ்தாக்களின் கையில் செழித்தது. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அதற்கு நல்ல காலம்.

பழைய தேவாலயப் புத்தகங்களில், உக்ரைனியம், ரஷ்யம் போன்ற மொழிகளை எழுதும் சிரிலிக் எழுத்துகள் தனித்தனியாக, நிமிர்ந்து நிற்கும். பேனாவை எடுத்து எடுத்து வைக்கக் குமாஸ்தாவுக்கு ஏது நேரம்? எழுத்துகளைச் சேர்த்து எழுதினார், வால்களைக் கீழே நீட்டினார். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வேலை: சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வரும் மெய்யெழுத்தைத் தூக்கி வரிக்கு மேலே போட்டுவிடுவார், அது அங்கே சின்னதாகி, சில சமயம் படுத்துக்கொண்டு, வெறும் வளைவாகவே ஆகிவிடும். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஒரே எழுத்து ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று வடிவத்தில் வரும். இன்றைய உக்ரைனியர்களே பழகாமல் படிக்க முடியாது.

எழுதியது வாத்து இறகால். மை என்றால் மாசிக்காய், அன்னபேதி, பிசின். ஆமாம், நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கேதான். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், காலப்போக்கில் காகிதத்தையே அரித்தும் விடும்.

1632இல் உருவான கீவ் மொஹிலா கல்லூரியில் மாணவர்கள் லத்தீனும் படித்தார்கள். லத்தீன் கையெழுத்தின் உருண்டை வளைவுகளும் அந்தக் காலத்துப் பரோக் என்ற அலங்காரக் கலைப் பாணியின் மோகமும் ஸ்கோரோபிஸில் கலந்தன. ஹ்மெல்னித்ஸ்கி, மஸெப்பா போன்ற ஹெட்மன்கள் வெளியிட்ட 'யுனிவர்சல்' ஆணைகளைப் பாருங்கள், நிலவரி சமாச்சாரத்துக்குக்கூட முதல் எழுத்தில் அத்தனை கொடி, அத்தனை சுருள்!

அப்புறம் ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் 1708இல் புதிய அச்செழுத்தைக் கொண்டுவந்தார். 1764இல் ஹெட்மன் பதவியே ஒழிக்கப்பட்டது. அலுவலகம் போனபின் அதன் எழுத்து மட்டும் எப்படி நிற்கும்? உக்ரைன் மக்கள் குடியரசின் 1917ஆம் ஆண்டிட்ட 100 கார்பொவானெட்ஸ் பண நோட்டை வரைந்த ஓவியர் ஹெயோர்ஹி நார்புத், கோசாக் காலக் கலையைத் தேடிப் படித்து, தன் எழுத்து வடிவங்களில் அந்தக் காலத்துச் சாயலைக் கொண்டுவந்தவர். 1920இல், 34 வயதிலேயே போய்விட்டார்.

இன்று கணினி எழுத்துருவாகவும் ஸ்கோரோபிஸ் கிடைக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை. எந்த எழுத்தை மேலே ஏற்றலாம் என்று அந்தக் குமாஸ்தா வரிக்கு வரி முடிவு செய்தார். எழுத்துரு எல்லா வரியிலும் ஒரே மாதிரி போடுகிறது. இணையத்தில் ஹெட்மன் ஆணைகளின் படங்கள் இருக்கின்றன, தேடிப் பார்த்தால் முதலில் வரிகளுக்கு நடுவிலுள்ள இடத்தைக் கவனியுங்கள், பாதி வேலை அங்கேதான் நடந்திருக்கும்.