வாடகை வாளும் கக்கத்துத் தொப்பியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆண்களின் உடைப் படங்களில் இருப்பது அலங்காரமா, அந்தஸ்தின் அடையாளமா என்பது கேள்வி. அடையாளம்தான் என்பது எங்கள் அணி. "தையற்காரருக்கு அச்சடித்த மாதிரிப் படத்தில் போய் அர்த்தம் தேடுவானேன்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார் எதிரணித் தோழி.

மாதிரிப் படங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். 1778 முதல் 1787 வரை பாரிஸில் எஸ்னோ, ராப்பிலி என்ற பதிப்பாளர்கள் 'கலெரி தே மோத்' என்ற உடைப் பட வரிசையை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். சரி, துணியைக் காட்டத்தானே படம்? அதில் வரும் கனவான்களின் இடுப்பில் வாள் எதற்கு? கோட்டின் பக்கத் திறப்பில் பிடி எட்டிப் பார்க்கிறது. ஆசாமி போருக்கா புறப்பட்டார்? விருந்துக்கு! வாள் பிரபுகுலத்தின் உரிமை, அதனால் அது அங்கே தொங்குகிறது. அந்நாளில் பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனைக்குள் போக ஆணுக்கு வாள் வேண்டியிருந்தது. இல்லாதவர் வாசலிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டார். வாடகை வாளால் யாரை வெட்ட முடியும், நடுவர் அவர்களே?

குதிகாலுக்கு வருவோம். 1701-இல் ஓவியர் ரிகோ தீட்டிய, பிரெஞ்சு அரசர் 14-ஆம் லூயியின் ஓவியத்தைப் பாருங்கள், செருப்பின் குதிகால் சிவப்பு. அது அரசவையாருக்கே உரிய நிறம். பின்னாளில் 'சிவப்புக் குதிகால்' என்றாலே அரசவைப் பிரபு என்று பொருளாகிவிட்டது. நிறம் ஆளுக்கே பெயராகிவிட்ட பிறகும் அது வெறும் சாயமா?

கக்கத்தில் இடுக்கிய தொப்பியை வேண்டுமானால் தோழிக்கே விட்டுக்கொடுக்கிறேன். தலையில் வைத்தால் பவுடர் பூசிய சிகை கலைந்துவிடும், பாவம்.

"1780-களில் ஆங்கிலேயர் பாணியில் எளிய 'ஃப்ராக்' கோட்டு வந்ததே, அதில் என்ன அடையாளம்?" என்றும் கேட்டார். அதை உடுத்தியவர் வாளைக் கழற்றிவிட்டுக் கைத்தடி பிடித்தாரே, அதுதான் அடையாளம்! அரசவைச் சடங்கு எனக்கு வேண்டாம் என்கிறார் அந்த ஆள்.

அப்புறம் 1789 மே. வெர்சாயில் மதகுருமார், பிரபுக்கள், மற்ற மக்களான மூன்றாம் வகுப்பு என மூன்று வகுப்பினரின் பேரவை கூடியது. யார் எதை உடுத்துவது என்று அரண்மனையே விதித்தது. பிரபுக்களுக்குத் தங்க வேலைப்பாடு, இறகு வைத்த தொப்பி, வாள். மூன்றாம் வகுப்புக்குக் கறுப்புக் கம்பளி உடை, இறகில்லாத தொப்பி. மூன்று உடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படமாகவும் விற்றார்கள். மூன்றாம் வகுப்பினர் கொதித்தார்கள். இறகு வெறும் அலங்காரம் என்றால், அது இல்லாததற்கு ஏன் அத்தனை கோபம்? அடுத்து வரும் எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்.