240எஸ்எக்ஸில் எஸ்ஆர் எஞ்சின் போடலாமா? முதலில் நாலு நம்பர் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. ஃப்ரீமான்ட்டில் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது, அதனால் கராஜ் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பேசுகிறேன். பின்னால் நிற்பதுதான் என்னுடைய 1992 நிசான் 240எஸ்எக்ஸ், எஸ்13 கூபே. எஸ்13 என்பது அந்தத் தலைமுறைக் காருக்கு நிசான் வைத்த குறியீடு. பானெட்டில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இன்றைக்கு வேலை பானெட்டுக்கு அடியில்.

டாலஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, என்னிடமும் எஸ்13 இருக்கிறது. எஸ்ஆர்20டெட் எஞ்சின் மாற்றலாமா, இல்லை இருக்கிற கேஏ எஞ்சினுக்கே டர்போ வைக்கலாமா, எது லாபம்?" முப்பது வருஷத்துக் காரில் லாபமா? சரி, எதில் நஷ்டம் குறைவு என்று பார்ப்போம்.

இந்தக் கார் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஜப்பானில் இதே உடம்பை சில்வியா என்று விற்றார்கள். அங்கே 1991லிருந்து, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த 2 லிட்டர் எஸ்ஆர்20டெட், 205 குதிரைத்திறன். அமெரிக்காவுக்கு அது வரவே இல்லை. நமக்குக் கிடைத்தது டர்போ இல்லாத 2.4 லிட்டர் கேஏ. முதல் இரண்டு வருஷம் 140, 1991லிருந்து இரட்டை கேம் வைத்த கேஏ24டிஇ, 155. இதே கேஏ குடும்பத்து எஞ்சினை நிசான் தன் பிக்கப் டிரக்கிலும் போட்டது. அதனால் "லாரி எஞ்சின்" என்று ஊரே கேலி பேசும். மாமியார் வீட்டில் மூத்த மருமகனுக்கு ஒரு மரியாதை, இளையவனுக்கு ஒரு மரியாதை என்கிற மாதிரி, அமெரிக்க எஸ்13காரர்கள் எல்லோருக்கும் அந்தக் குறை மனதில் உண்டு. எனக்கும் இருந்தது.

ஹூஸ்டனில் இருந்தபோது நானும் ஒரு எஸ்ஆர் வாங்கினேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். "ஜப்பானில் கொஞ்சமாக ஓடியது, அப்படியே மாட்டலாம்" என்றார்கள். பலகைமேல் பிளாஸ்டிக் சுற்றி வந்து இறங்கியது. வயரிங் ஹார்னஸை எங்கே கழற்ற வேண்டுமோ அங்கே கழற்றாமல் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டினால் ஆடியது. வால்வு கவரைத் திறந்தால் உள்ளே எண்ணெய் புளிக்குழம்பு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது.

ஒன்றை யோசியுங்கள். எஸ்ஆர்20டெட் போட்ட கடைசி சில்வியா 2002இல் நின்றுபோனது. எஸ்13க்கு வந்த எஸ்ஆர் அதற்கும் பல வருஷம் மூத்தது. புது எஞ்சின் போடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் வாங்குவது நம் காருக்குச் சமவயதுக் கிழவனை. அவன் எப்படி வாழ்ந்தான் என்றுகூட நமக்குத் தெரியாது. நம் வீட்டுக் கிழவனாவது பழகியவன்.

சரி, நல்ல எஸ்ஆரே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கேஏவின் கியர்பாக்ஸ் எஸ்ஆரோடு சேராது, இரண்டும் சேரும் பெல் ஹவுஸிங்கில் போல்ட் ஓட்டைகளே வேறு. ஆகவே எஸ்ஆர் கியர்பாக்ஸும் வேண்டும். அப்புறம் ஹார்னஸ், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ, இன்டர்கூலர், அதற்குக் குழாய், டௌன்பைப், கிளட்ச், ரேடியேட்டர் ஹோஸ்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடலாமே என்று வாட்டர் பம்ப், ரியர் மெயின் சீல், எல்லா கேஸ்கெட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வாள், எஞ்சின் ஸ்வாப்புக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். என்னுடைய எஸ்ஆரை மாட்டாமலேயே வாங்கியதைவிடக் குறைத்து விற்றேன். வாங்கியவரிடம் ஹார்னஸ் வெட்டிய இடத்தைக் காட்டித்தான் விற்றேன், அந்த நிம்மதி மட்டும் மிச்சம்.

எஸ்ஆர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அலுமினியம் பிளாக், மூக்கில் கனம் குறைவு, அதிக ஆர்பிஎம் வரை மேலே மேலே சுற்றும். அளவுக்கு மீறிச் சுற்றினால் வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் கழன்றுகொள்ளும், அது அதன் பிறவிக் குணம். கேஏ வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டரின் அகலம், அதாவது போர், 89 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 96 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் மேலே சுற்றச் சோம்பல், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். அதில் டர்போ வைத்தால் அந்த இழுவை இன்னும் கூடும், சிக்னலிலிருந்து கிளம்பும்போதே தெரியும். என் நண்பர் ஒருவருடையதில் உட்கார்ந்து போயிருக்கிறேன், கையில் வைத்திருந்த காபி சட்டையில்.

ஆனால் கேஏ டர்போவிலும் ஏமாறாதீர்கள். கிட் பெட்டியில் டர்போ வரும், மேனிஃபோல்ட் வரும். டர்போவுக்குப் போன எண்ணெய் திரும்பி வர ஆயில் பேனில் வழி வேண்டும், அதற்குப் பேனைக் கழற்றி ஓட்டை போட்டு வெல்டிங் செய்ய வேண்டும். கழற்றாமல் துளைத்து, இரும்புத் தூளை உள்ளே விட்டவர்களும் இருக்கிறார்கள். பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற டியூனிங் கட்டாயம். எஸ்ஆர் பிறந்ததே டர்போவோடு, அதன் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 8.5. கேஏ24டிஇயில் 9.5. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, ஏழு எட்டு பிஎஸ்ஐயில் அடக்கி, பெட்ரோலைச் சரியாகக் கொடுத்தால் நல்ல எஞ்சின் தாங்கும். பேராசைப்பட்டால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து, அதாவது நாக் அடித்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

வி8 ஆசை உள்ளவர்களும் எழுதுகிறார்கள். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1, 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். அலுமினியம் என்பதால் பயப்படும் அளவுக்குக் கனமில்லை, எஸ்13க்குள் உட்காரும். ஆனால் அதன்பிறகு பிரேக், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் எல்லாம் வரிசையில் நிற்கும். கேஏவிலேயே ஹெடர், எக்ஸாஸ்ட், கேம் என்று மாற்றி டர்போ இல்லாமல் பவர் தேடுவதைப் பற்றிக் கேட்டால், சத்தம் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

இனி சட்டம். டாலஸ் தம்பிக்கு இது கவலையே இல்லை. டெக்சஸில் புகைப் பரிசோதனை இருக்கும் கவுன்ட்டிகளில்கூட 24 வயது தாண்டிய வண்டியைக் கேட்கமாட்டார்கள். இங்கே கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்கள், புதுசாக இருக்கும் முதல் சில வருஷம் தவிர, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் என்கிற புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். என் காரின் வயதுள்ள வண்டியை ரோலர்மேல் ஓடவிட்டு, பின்னால் குழாய் சொருகிப் பார்ப்பார்கள், பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றினால் அது காரின் வருஷத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக, தன் மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான் முழுவதோடும் இருக்க வேண்டும், ரெஃப்ரீ என்கிற மாநிலப் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். இங்கே விற்காத ஜப்பான் எஸ்ஆரை எந்தக் கணக்கில் காட்டுவது? டர்போ கிட்டுக்கும் மாநிலம் கொடுத்த அனுமதி எண் வேண்டும். ஆக, சாலையில் ஓட்டும் என் காருக்கு இரண்டு கதவும் மூடியாயிற்று.

தம்பிக்கு இரண்டும் திறந்திருக்கிறது. ஆனால் எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன்.

எஞ்சின் சூடாக இருக்கிறது, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றியாயிற்று. வரிசையாகத் துணிமேல் வைத்திருக்கிறேன், பாருங்கள். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது பிளக்குகள் வறுத்த சேமியா நிறம், அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் கறுப்பு, நுனியில் எண்ணெய். இப்போதே பாதி கதை தெரிந்துவிட்டது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன், இக்னிஷனையும் துண்டித்துவிட்டேன். பிளக் ஓட்டையில் கம்ப்ரெஷன் மீட்டரை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும், சிலிண்டருக்குள் எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம் ஏறுகிறது என்று மீட்டர் காட்டும். இருங்கள்.

முதல் சிலிண்டர் 172. இரண்டாவது 170. மூன்றாவது... 131. நாலாவது 168. நிசானின் சர்வீஸ் மேனுவல்படி சிலிண்டர்களுக்கு நடுவே 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது. இங்கே 41.

இப்போது மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி சுற்றுகிறேன். 158. ஆயில் ஊற்றியதும் ஏறியதால் கசிவு ரிங்கில், வால்வில் இல்லை. இந்த நிலைமையில் நான் டர்போ வைத்திருந்தால் மூன்றாவது பிஸ்டன் முதல் மாதமே விடைபெற்றிருக்கும். "கேஏ உதவாத எஞ்சின்" என்று நானும் எழுதியிருப்பேன்.

ஆகவே என் எஞ்சின் எப்படியும் இறங்க வேண்டியதுதான். 89.5க்கு போர் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் செயின். மிச்சப் பணத்தில், ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்று, நிசானின் 300இசட்எக்ஸ் காரின் பிரேக் ஒரு செட். இதனால் பவர் ஏறாது, தெரியும். 1,200 கிலோ சொச்சம் இருக்கிற காரில் நிசான் சொன்ன 155ஐயும் முழுசாகத் திரும்பப் பெற்றாலே எனக்கு மலைப்பாதையில் போதும்.

தம்பி, உங்கள் நாலு நம்பரும் 160க்கு மேல், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால், கேஏவுக்கே டர்போ வையுங்கள், எஸ்ஆர் பக்கம் போகாதீர்கள். என்னுடையதைப் போல ஒன்று விழுந்திருந்தால், எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் செலவையும் எஸ்ஆரின் மொத்தச் சுமைகூலியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கம்ப்ரெஷன் மீட்டர் வாங்கக்கூட வேண்டாம், உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டி இரவல் எடுக்கலாம். நம்பரை எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது சிலிண்டரை முதலில் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது என் காரின் சாபம், உங்களுக்கு ஒட்ட வேண்டாம்.

அடுத்த வீடியோவில் எஞ்சின் தரையில் இருக்கும். இப்போது அந்த ஃபியூஸை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.