அறம் உண்மையா, கருத்தா? மூளை தீர்மானிக்கும் விதம்

[திரையில் மூன்று வாக்கியங்கள், ஒன்றன்பின் ஒன்றாக]

ஈயம் இரும்பைவிட அடர்த்தியானது.
நீலத்தைவிடப் பச்சைதான் அழகான நிறம்.
பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கைச் சித்திரவதை செய்வது தவறு.

முதல் வாக்கியத்தை ஒருவர் மறுத்தால், அவர் சொல்வது பிழை என்பீர்கள். இரண்டாவதை மறுத்தால், அவரவர் ரசனை என்று விட்டுவிடுவீர்கள். மூன்றாவதை மறுத்தால்? அநேகமாக விடமாட்டீர்கள். ஆனால் ஈயத்தை எடைபோட்டுக் காட்டுவதுபோல இதைக் காட்டுவதற்கு எந்தத் தராசும் இல்லை.

அறம் யார் என்ன நினைத்தாலும் மாறாத புறநிலை உண்மையா, அவரவர் மனத்தைப் பொறுத்த அகநிலைக் கருத்தா என்ற வழக்கு தத்துவத்தில் மிகப் பழையது. அதற்கு இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தத்துவம் படிக்காத ஒருவருடைய மூளை அந்த முடிவுக்கு எப்படி வருகிறது என்பதே நம் கேள்வி.

2008ஆம் ஆண்டு ஜெஃப்ரி குட்வின், ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் இதை ஓர் எளிய வழியில் சோதித்தார்கள். "உங்களோடு ஒருவர் முரண்படுகிறார். இருவரில் ஒருவராவது தவறாகத்தான் இருக்க வேண்டுமா? அல்லது இருவருமே சரியாக இருக்க முடியுமா?" அறக்கூற்றுகள் மொத்தத்தில் உண்மைக்கூற்றுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றன; ரசனை வெகு தூரத்தில் நின்றது.

ஆனால் எல்லா அறக்கூற்றுகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. வங்கிக் கொள்ளை தவறு என்பதை உண்மைபோல நடத்தியவர்களே, கருக்கலைப்பு, கருணைக்கொலை என்று வந்ததும் அதைக் கருத்துபோல நடத்தினார்கள். ஏன்? 2012இல் அதே இருவரும் காரணத்தைத் தேடியபோது ஒரு முக்கியமான விடை கிடைத்தது: எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கும் அளவுக்கு அந்தக் கூற்று நமக்குப் புறநிலை உண்மையாகத் தோன்றுகிறது. மனத்துக்குள் நாம் தலைகளை எண்ணுகிறோம்!

[மூளையின் படம்: காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் ஒரு புள்ளி, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி இன்னொன்று]

இந்தப் பகுதிகளைக் கவனியுங்கள். பிறர் என்ன நினைக்கிறார்கள், என்ன விரும்புகிறார்கள் என்று யோசிக்கும்போது சுறுசுறுப்படையும் வலையமைப்பைச் சேர்ந்தவை இவை. பாஸ்டன் கல்லூரியில் ஜோர்டன் தெரியோ, லியான் யங் குழுவினர், உண்மைக்கூற்றுகளையும் விருப்பங்களையும் அறக்கூற்றுகளையும் மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினார்கள். இந்த வலையமைப்பு அதிகம் இயங்கியது அறக்கூற்றுகளுக்குத்தான். இத்தனைக்கும் அந்த வாக்கியங்களைப் படிப்பவர், எந்த மனிதரின் மனத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை.

அறக்கூற்றுகளுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. கருத்து என்று மதிப்பிடப்பட்டவற்றுக்கு இயக்கம் கூடியது. உண்மைபோல மதிப்பிடப்பட்டவற்றுக்குக் குறைந்தது. என் வாசிப்பு இது: எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றைப் படிக்கும்போது மூளைக்குப் பிறரைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. சர்ச்சைக்குரிய ஒன்றைப் படித்ததும், இதை யார் சொல்வார், யார் எதிர்ப்பார், ஏன் எதிர்ப்பார் என்று அது தேடத் தொடங்குகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கேன் அளப்பது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை, எண்ணத்தை அல்ல. எது காரணம், எது விளைவு என்பதையும் அது சொல்லாது. "பார்த்தீர்களா, அறமெல்லாம் மூளையின் கற்பனை" என்று இந்த ஆய்வுகளைக் காட்டி வாதிடுவது அநியாயம். கணக்குப் போடும்போதும் மூளையில் இரத்தம் பாய்கிறது. அதனால் இரண்டும் இரண்டும் நான்கு என்பது கற்பனை ஆகிவிடுமா?

நம் மதிப்பீடு எவ்வளவு எளிதில் நகரும் என்பதற்கு இன்னொரு சோதனை. புதிதாக வாங்கிய கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்க, வழிப்போக்கர் ஒருவரைக் குத்துகிறான் ஒருவன். இது தவறு என்கிறார் ஒருவர். தவறில்லை என்கிறார் மற்றவர். மறுப்பவர் உங்கள் சமூகத்தவர் என்றால், ஒருவர் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள் மக்கள். மறுப்பவர் முற்றிலும் வேறு மனப்போக்குள்ள வேற்றுக்கிரகவாசி என்று ஹாகோப் சர்க்கிசியன் குழுவினர் 2011இல் மாற்றிக் கேட்டபோது, அந்த உறுதி வெகுவாகத் தளர்ந்தது. குத்து அதே குத்துதான்.

வேற்றுக்கிரகம்கூடத் தேவையில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்க்கருத்து உள்ள இருவரைச் சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பற்றி உரையாட விட்டார்கள். சிலரிடம் "வெல்வதற்காக வாதாடுங்கள்" என்றார்கள். மற்றவர்களிடம் "கற்றுக்கொள்வதற்காகப் பேசுங்கள்" என்றார்கள். பேசி முடித்தபின், இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்று அதிகம் நம்பியவர்கள், வெல்வதற்காகப் பேசியவர்கள்.