பதினாறு பலகைகளுக்கு ஒரு தலைவர்

(வடமேற்கு லண்டனில் நடந்த சதுரங்கப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, இம்மண்டபத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட்ட ஆலய அறங்காவலர் பெருமக்களே, கோப்பைகளை வழங்கிய புரவலர்களே, ஆடிக் களைத்த பிள்ளைகளே, ஆடாமலே களைத்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்கு நன்றி; அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக ஒரு சதுரங்கக் கடிகாரம் போர்த்தினாலும் ஏற்றுக்கொள்வேன்.

கவுன்ட்டி அளவில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிகளின் அணிகளுக்கிடையே, சதுரங்கப் போட்டிகளை நடத்துவதிலுள்ள இடர்ப்பாடுகளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். ஆள், இடம், பணம், விதி என நான்காகப் பகுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் கவுன்ட்டிகள் ஐந்து வட்டார ஒன்றியங்களாகப் பிரிந்து ஆடி, அவற்றில் முன்னணியில் வரும் அணிகள் ஆங்கிலேயச் சதுரங்கக் கூட்டமைப்பின் தேசியச் சுற்றுக்குச் செல்கின்றன என்பது பெற்றோர் பலருக்குத் தெரியும். நாம் கூடியிருக்கும் இந்த மிடில்செக்ஸ் 1965-இல் பெருநகர லண்டன் உருவானபோது நிர்வாக வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டது. ஆயினும் கிரிக்கெட்டைப் போலவே சதுரங்கத்திலும் அது இன்றுவரை அணி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அரசு கலைத்த ஒரு கவுன்ட்டியைத் தன்னார்வலர்கள் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதை மேயர் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.

முதலில் ஆள். முதன்மைப் பிரிவில் ஓர் அணிக்குப் பதினாறு பலகைகள், பலகைக்கு ஓர் ஆட்டக்காரர். ஆட்ட வலிமையின் வரிசைப்படியே ஆட்டக்காரர்களை அமர்த்த வேண்டும் என்பதால், மேல்பலகையில் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு ‘உடம்பு சரியில்லை’ என்று செய்தி அனுப்பினால், பட்டியல் முழுவதும் ஆட்டம் காண்கிறது. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்ற நம் பழமொழியை அந்த இரவில் அணித்தலைவரைப்போல் உணர்ந்தவர் இருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் அணித்தலைவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வெளியூர் ஆட்டம், இடம் ஆஷ்ஃபோர்டு. கென்ட் கவுன்ட்டியில் ஓர் ஆஷ்ஃபோர்டு உண்டு. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே இன்னோர் ஆஷ்ஃபோர்டு உண்டு. பதினைந்து பேர் கென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதினாறாமவர், அணியிலேயே நேரம் தவறாதவர் என்று பெயர் எடுத்த பெரியவர், எல்லோருக்கும் முன்பாகவே மற்ற ஆஷ்ஃபோர்டை அடைந்து, பூட்டிய கூடம் ஒன்றின் வாசலில், இன்னும் யாரும் வரவில்லையே என்று நம் ஆட்களின் ஒழுங்கின்மையை நொந்தபடி நின்றிருக்கிறார். தலைவர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்; மணி அடிக்கவில்லை. ஏனென்றால், ஆட்டக்கூடத்தில் கைப்பேசி ஒலித்தால் தோல்வி என்பதை நன்கறிந்த அப்பெரியவர், அதை வாசலிலேயே அணைத்துவிட்டார்! இங்கே கென்ட்டில் அவருடைய கடிகாரம் ஓடி முடிந்தது. அணி ஏழரைக்கு எட்டரை என்று தோற்றது. மாலையில் வீடு திரும்பிய பெரியவர் தலைவரை அழைத்து, ‘ஆட்டத்தைத் தள்ளிவைத்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டாராம். (கைதட்டல்.) அந்தத் தலைவர் அந்தப் பருவத்தோடு விலகினார், அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஆடுவதற்கு நாற்பது பேர், நடத்துவதற்கு ஒருவருமில்லை: பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து!

இடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்திரண்டு பேர் நான்கு மணி நேரம் அமைதியாக அமரக்கூடிய கூடம், அடுத்த அறையில் நடனப் பயிற்சி இல்லாத கூடம், சனிக்கிழமையில் எளிதில் கிடைப்பதில்லை. அறங்காவலர் பெருமக்களுக்கு மீண்டும் நன்றி. பணத்தைப் பொறுத்தவரை, பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1999-இலேயே சதுரங்கத்தை விளையாட்டாக ஏற்றுக்கொண்டபோதிலும், உடலுழைப்பு இல்லை என்னும் காரணத்தால் இந்நாட்டில் அந்த ஏற்பும் அதனோடு வரக்கூடிய நிதியும் இன்னும் கிட்டவில்லை. 2023-இல் அரசு ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு அறிவித்தது. பூங்காக்களுக்கு மேசைகளும், தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியும் அதில் இடம்பெற்றன. நல்லதுதான். ஆனால் மேசைகளுக்கு நடுவே ஓடித் திரிபவரை யார் உருவாக்குவது?

நான் வந்த காரியமே அதுதான். ஹாரோவில் வளரும் போதனா சிவானந்தன் 2024-இல் புடாபெஸ்டில் உலக நாடுகளின் அணிகள் மோதிய சதுரங்க ஒலிம்பியாடில் இங்கிலாந்து மகளிர் அணிக்காக ஆடியபோது ஒன்பது வயது. அதைக் கேட்டு நம் வீடுகளில் பலகை வாங்காதவர் குறைவு. பயிற்சியாளருக்குக் கட்டணம் செலுத்துகிறோம், காரில் கொண்டுவந்து விடுகிறோம், கோப்பையோடு படம் எடுத்துக்கொள்கிறோம். முடிவுத்தாளை நிரப்ப ஒருவர் வேண்டும் என்றதும் வாகன நிறுத்தக் கட்டணம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. பிள்ளை ஆடும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெரியவர் ஒருவர் நடுவர் பயிற்சிக்கோ அணித்தலைவர் பொறுப்புக்கோ முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கிராண்ட்மாஸ்டராக இருக்கத் தேவையில்லை. பட்டியல் போடவும், தொலைபேசியில் பொறுமையாகப் பேசவும், அஞ்சல் குறியீட்டைச் சரியாக எழுதவும் தெரிந்தால் போதும்.

விதிகளைப் பற்றிப் பேச நேரமில்லையென அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலருகே உள்ள மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேநீருக்கு எழும்போது பெயரையும், எந்தச் சனிக்கிழமைகளில் வர இயலும் என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.