ஆறாவது வாரம் எழுதிய விலகல் கடிதம்

வணக்கம் நண்பர்களே. ராணுவ அகாடமியில் முதல் டேர்ம் முடிந்து லீவில் வந்திருக்கிறேன். உள்ளே போன் கையில் இருக்காது, அதனால்தான் இத்தனை நாள் வீடியோ இல்லை.

பயிற்சி எவ்வளவு கஷ்டம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உடம்புக்கு இரண்டு வாரம் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். எனக்கு உடம்பு பழகிய பிறகுதான் மனசு பேச ஆரம்பித்தது. 'எதற்கு வந்தோம்?' நேர்முகத் தேர்வில் நான் சொன்ன பதில் பொய் இல்லை. நாட்டுக்கு உழைக்கணும் என்றுதான் வந்தேன். ஆனால் போர்வையில் ஒரு சுருக்கம் இருந்ததற்கு விடியற்காலையில் திட்டு வாங்கி நிற்கும்போது, அந்தப் பதில் எங்கேயோ தூரத்தில் இருந்தது. ஆறாவது வாரம், ஒரு ராத்திரி, விலகல் கடிதம் எழுதித் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. ராத்திரி வந்து பார்த்தால் என் ரூம்மேட் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விடிந்தால் இன்ஸ்பெக்‌ஷன். பாலிஷை அப்பி அப்பித் தேய்த்ததில் முனை முழுக்க மங்கிப்போயிருந்தது. சரி, கொடு என்று வாங்கினேன். பழைய பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷை லேசாகத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தோலில் இருக்கும் நுண்துளைகளை மெழுகு மெல்ல மெல்ல நிரப்பணும். ஒரு பூச்சு, கொஞ்சம் காயவிட்டு இன்னொரு பூச்சு. ஐந்தாவது பூச்சிலோ என்னவோ, மேலே எரிந்த பல்ப் ஒரு புள்ளியாக அதில் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். அவன் முகமும் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் கடிதம் என் ஞாபகத்துக்கே வரவில்லை.

இந்த லீவில் யுலிசிஸ் கிராண்ட் பற்றிப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைகளுக்குத் தலைமைத் தளபதி, பிறகு ஜனாதிபதி. அவர் 1839இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்தபோது அவருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அந்த டிசம்பரில் அகாடமியையே மூடிவிடும் மசோதா ஒன்று அவர்களுடைய நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. அது நிறைவேறினால் கௌரவமாக வெளியேறிவிடலாமே என்று அந்த விவாதங்களை ஆவலாகப் படித்தாராம். நிறைவேறவில்லை. ஒரு வருஷம் கழித்து, நாட்கள் அப்போதும் இழுத்துக்கொண்டுதான் போயின, ஆனால் அது நிறைவேறியிருந்தால் வருந்தியிருப்பேன் என்று நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1843இல் 39 பேரில் 21ஆவதாகத் தேறினார்.

சலிப்பும் இருக்கும், விட்டுப் போகவும் மனசு வராது. இரண்டும் ஒருத்தருக்கே இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பழைய உற்சாகம் அப்படியே திரும்பி வரணும் என்று காத்திருந்தேன், அதுதான் தப்பு. இப்போது இருப்பது வேறு மாதிரி, சின்னது. காலையில் என் ரூம்மேட் லேட் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், ஓட்டத்தில் நான் பின்தங்கினால் அவன் என் பக்கத்தில் வருகிறான்.

நிஜமாகவே இது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்து விலகுபவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ராத்திரியில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். சாப்பிட்டு, தூங்கி, பகலில் ஒரு தடவை அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

நாலு நாளில் கிளம்புகிறேன். போன டேர்மில் என் பாலிஷ் டப்பாவில் பாதி அவனுக்குத்தான் போனது. இந்தத் தடவை இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.