14 சான்றுல தேறினது ஒண்ணு!

வாங்க மக்களே. இணையக் காப்பகத்துல பக்கத்தைச் சேமிக்கிற வீடியோவோட ரெண்டாம் பாகம் இன்னைக்குப் போடுறதா இருந்துச்சு. அது அடுத்த வாரம். ஏன்னா காலையில விக்கிப்பீடியாவுல என் கவனிப்புப் பட்டியலை, அதாவது நான் கண்காணிக்கிற பக்கங்களோட பட்டியலை, திறந்ததுமே கடுப்பாயிருச்சு.

நம்ம மதுரைப் பக்கத்து மில் முதலாளி ஒருத்தரோட விக்கிப்பீடியா பக்கம். பேரு வேணாம், உயிரோட இருக்கிற மனுசர். புதுக் கணக்குல யாரோ வந்து நாலு பத்தி ஏத்திவிட்டிருக்காங்க. கீழ 14 சான்று. பாத்தா பெரிய ஆராய்ச்சி மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணாத் திறந்தா, ஆறு அவரோட கம்பெனித் தளம். நாலு, ஒரே பத்திரிகை அறிக்கையை நாலு இடத்துல போட்டது. மூணு பிறந்தநாள் விளம்பரம். மிச்சம் ஒண்ணுதான் நிருபர் விசாரிச்சு எழுதின செய்தி.

அறிக்கையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தலைப்பைத் தேடாதீங்க, ஆளாளுக்குத் தலைப்பை மாத்திருவாங்க. செய்தியோட நடுவுல இருந்து ஏழெட்டு வார்த்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. அச்சு அசலா நாலு இடத்துல வந்துச்சுன்னா அது கம்பெனி கொடுத்த காகிதம். நாலு சான்றுன்னு எண்ணாதீங்க, ஒண்ணுதான். அதுவும் அவங்க வாயால சொன்னது.

விளம்பரத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. ஓரத்துல பொடி எழுத்துல 'விளம்பரம்'னு அச்சாகியிருக்கும். இ-பேப்பர்ல கட்டம் போட்டு வெட்டுறப்ப அந்த ஓரம் போயிரும், பாக்குறவனுக்குச் செய்தி மாதிரியே தெரியும். அதனால வெட்டின படத்தை நம்பாம முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்க.

கம்பெனித் தளத்தை அடியோட ஒதுக்கணும்னு நான் சொல்லல. பிறந்த ஊர், பதவி ஏத்த தேதி மாதிரி யாருக்கும் தகராறு இல்லாத சங்கதிக்கு அது போதும். 'தென்னகத்தின் முதல்', 'ஆயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தவர்', இதுக்கெல்லாம் ஆகாது.

இப்ப 'முன்னணி'க்கு வர்றேன். இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். நாலு பத்தியில அஞ்சு முன்னணி! எதுல முன்னணி? ஸ்பிண்டில் (நூல் நூக்குற கதிர்) எண்ணிக்கையிலயா, விற்றுமுதல்லயா, ஏத்துமதியிலயா? எந்த வருசம்? யாரு அளந்தது? இதுக்கெல்லாம் பதில் இருந்தா அந்தப் பதிலையே எழுதிருங்க. இத்தனை ஆயிரம் ஸ்பிண்டில், இந்த நிதியாண்டு, இன்ன அறிக்கை. அப்புறம் முன்னணிக்கு அங்க வேலையே இல்ல. விற்றுமுதல்னா ஒரு மில்லோடதா, மொத்தக் குழுமத்தோடதான்னும் பிரிச்சுப் போடுங்க. பாதிச் சண்டை அங்கதான் கிளம்புது.

அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கோங்க. 1976-ல மதுரையில 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சாரு. அந்த 11-ஐ எழுதினாலே போதும். 'மாபெரும் சாதனை'னு பக்கத்துல ஒட்டினா அந்த எண்ணோட பலம்தான் குறையுது.

பட்டத்துலயும் கவனம் வேணும். டாக்டர் வெங்கடசாமிக்கு 1973-ல பத்மஸ்ரீ கிடைச்சது, அதை விருதுகள் பகுதியில சான்றோட போடணும். பேருக்கு முன்னாடி போடக் கூடாது. பத்ம விருதைப் பேரோட ஒட்டக் கூடாதுன்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 'கலைத்தந்தை'யும் அப்படித்தான். மதுரை மில் அதிபர் கருமுத்து தியாகராசரை ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனா கட்டுரை தன் குரல்ல சொல்லக் கூடாது, 'என்று அழைக்கப்படுகிறார்'னு எழுதிச் சான்று வைக்கணும். மறைஞ்சவங்க பக்கத்துல 'இறைவனடி சேர்ந்தார்'னு இருந்தா 'இறந்தார்'னு மாத்துங்க. அதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல, 'ஆர்' விகுதியிலயே மரியாதை வந்துருது.

அட, பிறந்த ஊர்னதும்தான் ஞாபகம் வருது. டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்கார் தொழில் பண்ணினது மதுரையில, பிறந்தது திருக்குறுங்குடியில. 'மதுரையைச் சேர்ந்தவர்'ங்கிறதை யாராவது 'மதுரையில் பிறந்தவர்'னு ஆக்கிருவாங்க. குழுமம் தன் தொடக்கமாச் சொல்றது 1911. மதுரையில பஸ் விட்டது 1912னு சொல்றாங்க. ரெண்டும் வேற வேற சங்கதி, தனித்தனிச் சான்றோட எழுதணும்.

அடுத்து வழக்கு. புகார் கொடுத்தது, வழக்குப் பதிஞ்சது, குற்றப்பத்திரிகை, தண்டனை, நாலும் நாலு படி. செய்தி எந்தப் படியில நிக்குதோ அதுக்கு மேல ஒரு சொல் கூடாது. 'வழக்கில் சிக்கினார்'னு எழுதினா பாதித் தீர்ப்பு சொன்ன மாதிரி. விடுதலை ஆகியிருந்தா அதே பத்தியில அதே அளவுக்கு வரணும். உயிரோட இருக்கிறவர் மேல சான்றில்லாத குற்றச்சாட்டு கிடந்தா 'சான்று தேவை'ங்கிற குறிப்பை (வார்ப்புரு) ஒட்டிட்டு நகராதீங்க, உடனே எடுத்துருங்க. 2005-ல ஜான் சீகன்தாலர்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் பக்கத்துல அப்பட்டமான பொய் நாலு மாசம் கிடந்துச்சு.

அதுக்காகக் கசப்பானதை எல்லாம் துடைக்கவும் கூடாது. மில்லுல வேலைநிறுத்தம் நடந்து ரெண்டு நாளிதழ் எழுதியிருந்தா அது இருக்கணும். 'சர்ச்சைகள்'னு தனித் தலைப்புல குவிக்காம, அந்தந்த வருசத்துலயே வைங்க.

அந்தப் புதுக் கணக்கைத் திட்டாதீங்க, யாருன்னு துப்பறியவும் வேணாம். கம்பெனிச் சம்பளத்துல எழுதினா அதை வெளிய சொல்லியே ஆகணும், 2014-ல இருந்து விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியாவோட பயன்பாட்டு விதி அது. பயனர் பக்கத்துல அறிவிச்சுட்டு, மாத்த வேண்டியதைக் கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல (கட்டுரையைப் பத்திப் பேசுற இடம்) கேக்கச் சொல்லி மரியாதையா எழுதியிருக்கேன்.

ஒண்ணு விட்டுட்டேன். அச்சுத் தாளைச் சான்றா வைக்கும்போது இதழ் பேரும் தேதியும் மட்டும் பத்தாது, பதிப்பும் பக்க எண்ணும் வேணும். மதுரைப் பதிப்புல வந்த செய்தி சென்னைப் பதிப்புல இல்லாமப் போகலாம். அப்புறம் செய்தி வந்த தேதியை விக்கிப் பக்கத்தோட வரலாற்றோட (எந்த வாக்கியம் எப்ப சேந்துச்சுங்கிற பதிவு) ஒப்பிடுங்க. நம்ம வாக்கியத்தைப் பாத்து அவங்க எழுதியிருந்தா, அதைத் திரும்ப நமக்கே சான்றா வைக்க முடியாது.

நாலு பத்தி இப்ப ஆறு வாக்கியம் ஆயிருச்சு. பிறந்த வருசத்துக்குத்தான் இன்னும் நல்ல சான்று இல்ல, அதனால அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன்.